சூடு வரும் வழியில்தான் புகையும் வரும்

வில்லிஸ் ஜீப்பை வரைந்தவர்கள் அதை ஓட்டப்போகிறவனின் கால்களைப் பற்றிப் பெரிதாக யோசித்ததாகத் தெரியவில்லை. யோசிக்க அவர்களுக்கு நேரமும் இருந்திருக்காது. 1941-லிருந்து 1945 வரை வில்லிஸ் கம்பெனி எம்பி என்ற பெயரில் ஏறக்குறைய 3,60,000 ஜீப்புகளைக் கட்டியது. அதே வரைபடத்தை வைத்து ஃபோர்டு கம்பெனி ஜிபிடபிள்யூ என்ற பெயரில் 2,77,000-க்கும் மேல் கட்டியது. அவர்கள் மனதில் இருந்த ஓட்டுநர் கணுக்கால் வரை தடித்த தோல் பூட்ஸ் போட்டவன். கதவு கிடையாது. கண்ணாடியை மடக்கி பானட் மேல் படுக்க வைத்துவிட்டு ஓட்டுகிறவன். இன்ஜின் சூடு காலில் பட்டால் குளிர்காலத்தில் சந்தோஷப்பட்டிருப்பான்.

அதே வண்டியை எண்பது வருஷம் கழித்து கோயம்புத்தூரில் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு நான் ஓட்டுகிறேன். மேலே ஹூட், இரண்டு பக்கமும் ரெக்ஸின் மறைப்பு, பின்னால் சுருட்டிவிடுகிற ஒரு திரை. எல்லாம் மழைக்காக ஊர் டெய்லர் தைத்துக் கொடுத்தது. ராணுவக்காரன் திறந்த வண்டியாக ஓட்டியதை நாம் மூடிய அறையாக மாற்றிவிட்டு, உள்ளே ஏன் வேகிறது என்று கேட்கிறோம்.

இந்தப் பதிவு அந்த வேக்காட்டைப் பற்றியது. பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் கூடினால் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். ஒருவர் தரைக்கு ஃபோம் ஒட்டச் சொல்வார், இன்னொருவர் சைலன்சர் குழாய்க்குத் துணி சுற்றச் சொல்வார். எனக்கு இரண்டிலும் சந்தேகம் உண்டு. ஏன் என்று சொல்வதற்கு முன் வண்டியின் அமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

எம்பியில் இருப்பது 2.2 லிட்டர், 4 சிலிண்டர், 60 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின். வால்வுகள் தலையில் இல்லை, பிளாக்கிலேயே சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கின்றன. அதனால் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியே வரும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், இன்ஜினின் இடப்பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு இருக்கும். இது இடப்பக்க ஸ்டீயரிங் வண்டி. ஆக, வார்ப்பிரும்பில் செய்த அந்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஓட்டுநரின் கால்களுக்கு நேர் முன்னால் வருகிறது. நடுவில் இருப்பது ஒரே ஒரு இரும்புத் தகடு. ஃபயர்வால் என்று சொல்கிறோமே, அதுதான். அதற்கு எந்த உறையும் ஃபாக்டரியில் போட்டதில்லை.

மேனிஃபோல்டிலிருந்து இறங்கும் குழாய் அடியில் வலப்பக்கத்துக்குக் குறுக்கே போகிறது. சைலன்சர் வலப்பக்கம். புகை வாய் வலது பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், பக்கவாட்டில் திறக்கிறது. இதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது பெட்ரோல் டேங்க் மேல். நிஜமாகவே சீட்டுக்கு அடியில்தான் டேங்க். அதற்குப் பக்கத்தில் சைலன்சரைக் கொண்டுபோக யாருக்கும் மனம் வராது. அதனால் ஓட்டுநருக்கு மேனிஃபோல்டு சூடு, பக்கத்தில் உட்காருகிறவருக்கு சைலன்சர் சூடு. பாரபட்சம் இல்லாத வண்டி. மஹிந்திரா சிஜே3பி வைத்திருப்பவர்களுக்குக் கதை கொஞ்சம் மாறும். அங்கேயும் மேனிஃபோல்டு இடப்பக்கம்தான், ஸ்டீயரிங் மட்டும் வலப்பக்கம் வந்துவிட்டது. முன் சூட்டை அங்கே பக்கத்து சீட்டுக்காரர் வாங்கிக்கொள்வார்; பெரும்பாலும் அது வீட்டுக்காரம்மா. பிறகு வீட்டுக்குள் வரும் சூட்டுக்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

எவ்வளவு சூடு என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. மலை ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு போகும்போது இந்த இன்ஜின் மணிக்குப் பத்துப் பதினோரு லிட்டர் குடிக்கும். அதாவது மணிக்கு 100 யூனிட் அளவு. இதில் சக்கரத்துக்குப் போவது கால்வாசிகூட இருக்காது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு போகிறது. 30 கிலோவாட்டுக்கு மேல். வீட்டு சமையலறையில் பத்து கேஸ் பர்னரை முழுத் தீயில் எரியவிட்டு, அதற்கு முன்னால் ஒரு தகரத்தை நிறுத்தி, தகரத்துக்கு இந்தப் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்தால் எப்படியோ அப்படி.

பழைய இன்ஜின் என்பதால் இது இன்னும் மோசம். எம்பியின் கம்ப்ரஷன் 6.48-க்கு 1. இன்றைய கார்களில் 10-ஐத் தாண்டுவது சாதாரணம். கம்ப்ரஷன் குறைந்தால் எரிந்த வாயு விரிந்து வேலை செய்யக் கிடைக்கும் இடமும் குறைவு. வேலையாக மாறாத ஆற்றல் சூடாகவே வால்வைத் தாண்டி வெளியே ஓடுகிறது. இது வண்டியின் பிறவிக் குணம். அதை மாற்றப் போவதில்லை. மாற்ற முடிகிற சமாசாரங்கள் வேறு.

உள்ளே வரும் சூடு இரண்டு வகை. ஒன்று, தகடு சுட்டு, அந்தச் சூடு நம் மேல் படுவது. இன்னொன்று, ஓட்டைகள் வழியாகச் சூடான காற்றே உள்ளே வருவது. முதலாவது எரிச்சல், அவ்வளவுதான். இரண்டாவது ஆபத்து. இன்ஜின் அறையிலிருந்து சூடான காற்று உள்ளே வர ஒரு வழி இருந்தால், மேனிஃபோல்டில் கசிகிற புகையும் அதே வழியாக வரும். புகை என்றால் கார்பன் மோனாக்சைடும் சேர்த்துத்தான். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. கார்புரேட்டர் வைத்த, கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இல்லாத இன்ஜின் அதைத் தாராளமாகத் துப்பும்.

நம் பக்கத்து மலைப்பாதைகளில் இதில் ஒரு தந்திரமான சிக்கல் இருக்கிறது. மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் வண்டியில் யாராவது ஒருவருக்குத் தலை சுற்றும், வயிறு புரட்டும், தூக்கம் தள்ளும். உடனே எலுமிச்சம்பழம் வரும், ஜன்னல் பக்கம் உட்கார வைப்போம், கொண்டை ஊசி வளைவு என்று சொல்லி முடித்துவிடுவோம். கார்பன் மோனாக்சைடு உடம்பில் ஏறினாலும் இதேதான் நடக்கும்: தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு. இன்ஜின் அதிகம் புகைவிடுவதும், வண்டி மெதுவாகப் போவதால் காற்றோட்டம் குறைவதும், மழைக்காக மறைப்புகளை இழுத்து மூடுவதும் அதே ஏற்றத்தில்தான். வளைவா, வாயுவா என்று உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. வளைவு தருகிற மயக்கம் பெரும்பாலும் ஓட்டுநரை விட்டுவிடும். ஓட்டுகிறவருக்கும் தலை கனத்தால் வண்டியை ஓரம் கட்ட வேண்டும்.

வழியிலுள்ள பர்லியாரில் இறங்கி ஒரு டீ குடித்தால் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். இந்த வாயு ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். நல்ல காற்றைச் சுவாசித்தாலும் உடம்பிலிருப்பது பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் பிடிக்கும். பத்து நிமிஷ டீயில் மனம் தெளியும், ரத்தம் தெளியாது. மறுபடி ஏறி மறுபடி சுவாசித்தால், விட்ட இடத்திலிருந்து ஏறும்.

அதனால்தான் தரைக்கு ஃபோம் ஒட்டுவதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள் என்கிறேன். என் வண்டியை முன்பு வைத்திருந்தவர் அதைத்தான் செய்திருந்தார். தார் ஷீட், அதன் மேல் தெர்மாகோல், அதன் மேல் கார்ப்பெட். தெர்மாகோல் 100 டிகிரிக்கு முன்பே இளகிவிடும் பொருள். குழாய் போகும் இடத்துக்கு மேலே அது சுருங்கி, தாரோடு சேர்ந்து ஒரு கறுப்புக் களியாகியிருந்தது. எல்லாவற்றையும் உரித்து எடுத்தபோது பெடலுக்குப் பக்கத்தில் துருப்பிடித்து உள்ளங்கை போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. வருஷக்கணக்காகக் கார்ப்பெட் அந்த ஓட்டையை மறைத்தது, அடைக்கவில்லை.

எங்கள் மெக்கானிக் அண்ணன் சிங்காநல்லூர் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். வண்டியைப் பற்றி அவர் பேசுவது குறைவு, கேட்பது அதிகம்.

"அண்ணா, ஃபயர்வாலுக்கு நல்ல இன்சுலேஷன் ஒட்டிடலாமுங்களா?"

"ஒட்டலாமுங்க தம்பி. மொதல்ல சூடு எங்கிருந்து வருதுன்னு பாத்துப்போட்டு ஒட்டலாம். டைமிங் எப்பப் பாத்தீங்க?"

டைமிங்குக்கும் கால் சூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. சம்பந்தம் நேரடியானது. ஸ்பார்க் தாமதமாக விழுந்தால் எரிவதும் தாமதமாக முடியும். பிஸ்டன் கீழே போய், எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிற நேரத்திலும் வாயு கொதித்துக்கொண்டே இருக்கும். இன்ஜினுக்குள் வேலையாக மாறியிருக்க வேண்டியது மேனிஃபோல்டைப் பழுக்கக் காய்ச்சும். எம்பியின் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சின்ன எடைக்கட்டிகள் உண்டு. வேகம் கூடக் கூட அவை விரிந்து ஸ்பார்க்கை முன்னால் தள்ளும். எண்ணெய் காய்ந்து அவை ஒட்டிக்கொண்டால் ஐடிலில் டைமிங் சரியாகத்தான் காட்டும்; ஏற்றத்தில் மட்டும் ஸ்பார்க் எப்போதும் தாமதம். என் வண்டியில் அதுதான் நடந்திருந்தது. அவர் அதைக் கழற்றிக் கழுவி, ஸ்பிரிங் பார்த்து, பாயின்ட் இடைவெளியைச் சரிசெய்து, ஃப்ளைவீலில் உள்ள குறியை வைத்து டைமிங் கட்டினார். காசு செலவில்லாத வேலை. ஏற்றத்தில் இழுவை கூடியது, மேனிஃபோல்டு சூடு தணிந்தது, பெட்ரோலும் கொஞ்சம் மிச்சம். அந்தக் காலத்துத் தரம் குறைந்த பெட்ரோலுக்காகச் செய்த இன்ஜின் இது. இன்றைய பெட்ரோலில் இன்ஜின் தட்டும் என்று பயந்து டைமிங்கைப் பின்னால் இழுத்து வைக்க அவசியமே இல்லை.

அடுத்தது மேனிஃபோல்டு கேஸ்கெட். காற்று மேனிஃபோல்டும் புகை மேனிஃபோல்டும் ஒன்றாகச் சேர்ந்து பிளாக்கில் உட்காருவதால் கேஸ்கெட் போனால் இரட்டை நஷ்டம். ஒரு பக்கம் புகை கசியும், மறுபக்கம் கார்புரேட்டரைத் தாண்டி வெறும் காற்று உள்ளே போய் கலவையைக் கெடுக்கும். கசிவைக் கண்டுபிடிக்க நல்ல நேரம் விடிகாலை. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து பக்கத்தில் நின்றால் டிக் டிக் என்று ஒரு சத்தம். இன்ஜின் சூடாகி இரும்பு விரிந்ததும் சத்தம் அடங்கிவிடும். பலர் அதை டேப்பட் சத்தம் என்று விட்டுவிடுகிறார்கள். மூட்டுகளில் கறுப்புக் கோடு போலக் கரி படிந்திருந்தாலும் அது கசிவின் கையெழுத்து. புது கேஸ்கெட் போடும்போது மேனிஃபோல்டின் முகம் சமமாக இருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பார்க்க வேண்டும். பழைய வார்ப்பு வளைந்திருக்கும். லேத் பட்டறையில் ஒரு மெல்லிய சீவு சீவினால் போதும். ஸ்டட்டுகளுக்குப் பித்தளை நட்டு போட்டால் அடுத்த தடவை கழற்றும்போது உடையாது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லாமல் போக முடியாது. அந்தக் காலத்து கேஸ்கெட்டுகளிலும், சூடு தாங்க வைத்த துணிகளிலும், கயிறுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். பழைய கேஸ்கெட்டை ஒயர் பிரஷ் வைத்துத் தேய்ப்பதும், கம்ப்ரஸரால் ஊதுவதும் நம் பட்டறைகளில் சாதாரணம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பலன் இருபது முப்பது வருஷம் கழித்துத்தான் தெரியும். தண்ணீர் தெளித்து ஊறவைத்து, கத்தியால் மெதுவாகச் சுரண்டி, ஈரத்தோடு பையில் கட்டிவிடுங்கள். நல்ல முகமூடி போடுங்கள். கடையில் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு மலிவாகக் கிடைத்தாலும் புதிதாக வாங்கி வைக்காதீர்கள்.

மேனிஃபோல்டின் வயிற்றில் ஒரு வால்வு உண்டு. குளிர்ந்த இன்ஜினில் புகையின் சூட்டை மேலே திருப்பி, பெட்ரோல் ஆவியாக உதவும். சூடானதும் சுருள் ஸ்பிரிங் இளகி வால்வு புகையை நேராகக் கீழே விட வேண்டும். பனி நாட்டுக்காக வைத்த ஏற்பாடு. கோயம்புத்தூரில் இதற்கு வேலை கிடையாது. துருப்பிடித்து மேல்நோக்கியே இறுகி நின்றுவிட்டால் கார்புரேட்டரின் அடிப்பகுதி கொதிக்கும். தண்டு கையால் சுழலுகிறதா என்று பாருங்கள். சுழலவில்லை என்றால் ஊடுருவும் எண்ணெய், பொறுமை, லேசான சுத்தியல்.

இவ்வளவும் முடித்த பிறகுதான் ஓட்டைகளுக்கு வந்தோம். எம்பியின் தரையில் ஓட்டைக்குப் பஞ்சமே இல்லை. கிளட்ச், பிரேக் பெடல்களின் தண்டுகள் தரைக்கு அடியிலிருந்து மேலே வருகின்றன. ஸ்டீயரிங் தண்டு, ஆக்சிலரேட்டர் தண்டு, காலால் அமுக்குகிற ஸ்டார்ட்டர் பொத்தான், கியர் தண்டு, அதற்குப் பக்கத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸின் இரண்டு தண்டுகள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல். ஆற்றைக் கடந்தால் தண்ணீர் வடிய வேண்டும் என்று தரையில் வைத்த துளைகள் வேறு. ஃபாக்டரியில் இவற்றுக்கெல்லாம் ரப்பர் உறையும் ஃபெல்ட் வளையமும் போட்டிருந்தார்கள். எண்பது வருஷத்தில் ரப்பர் கல்லாகி, உதிர்ந்து, காணாமல் போயிருக்கும்.

எந்த ஓட்டை திறந்திருக்கிறது என்று பார்க்க எளிய வழி இருட்டு. இரவில் பானட்டுக்குள் ஒரு எல்இடி பல்பையும் அடியில் இன்னொன்றையும் எரியவிட்டு, வண்டிக்குள் உட்கார்ந்து, மேலே ஒரு போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு பாருங்கள். வானத்தில் நட்சத்திரம் போலத் தெரியும். ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வட்டமிட்டு வைத்தோம். ஊதுபத்திப் புகையை வைத்தும் சிலர் தேடுவார்கள். சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க் இருக்கிற வண்டியில் அந்த யோசனையே வேண்டாம்.

துருப்பிடித்த ஓட்டைக்குத் தகடு வைத்து வெல்டிங். அதற்கு முன் டேங்கைக் கழற்றி வண்டியை விட்டுத் தள்ளி வைத்தாயிற்று. தண்டுகளுக்குப் புது ரப்பர் பெல்லோஸ். பெடல் வாசல்களுக்குத் தடித்த ஃபெல்ட்டைக் கீறி, மேலே ஒரு தகடு வைத்து இறுக்கினோம். சூடு அதிகம் படாத சின்ன விளிம்புகளுக்கு சூடு தாங்கும் சிலிக்கான். வடிகால் துளைகளுக்குக் கழற்றக்கூடிய ரப்பர் மூடி. வெந்நீர் ஊற்றியது போலக் கணுக்காலில் அடித்துக்கொண்டிருந்த காற்று இதோடு நின்றது. மிஞ்சியது தகடு சுடுகிற சூடு மட்டும்.

அதற்குத்தான் ஹீட் ஷீல்டு. இதில் கொஞ்சம் நின்று பேச ஆசை, ஏனென்றால் பெரும்பாலான ஜீப்புகளில் இதைத் தவறாகவே பார்க்கிறேன். மேனிஃபோல்டிலிருந்து ஃபயர்வாலுக்குப் போகும் சூட்டில் பெரும்பங்கு கதிர்வீச்சு. கதிர்வீச்சின் விதி கடுமையானது: வெப்பநிலையின் நாலாம் அடுக்கில் ஏறும். 400 டிகிரியில் இருக்கும் இரும்பு, 300 டிகிரியில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வீசும். அண்ணன் முதலில் டைமிங் பற்றிக் கேட்டதன் அருமை இங்கேதான் எனக்குப் புரிந்தது. மேனிஃபோல்டு சூட்டைக் கொஞ்சம் இறக்கினாலே நம் மேல் படுவது பாதியாகிவிடுகிறது.

கதிர்வீச்சைத் தடுக்கத் தடிமன் தேவையில்லை, பளபளப்பு தேவை. துருப்பிடித்த இரும்பு தன் மேல் படுவதில் பெரும்பகுதியை விழுங்கும். பளபளப்பான அலுமினியம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே விழுங்கும், மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் அலுமினியத் தகட்டை ஃபயர்வாலோடு ஒட்டி வைத்தால் பாதிப் பலன் போய்விடும். அது விழுங்கிய கொஞ்சமும் நேராக ஃபயர்வாலுக்குள் இறங்கும். நடுவில் 15, 20 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி மேலும் கீழும் திறந்திருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே சூடாகிற காற்று மேலே ஏறிப்போய், கீழிருந்து புதுக் காற்று வரும். அழகாக இருக்கட்டும் என்று நாலு ஓரத்தையும் மடித்து மூடியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஷீல்டு இல்லை, டப்பா.

ஒரு மில்லிமீட்டர் அலுமினிய ஷீட்டில் டிங்கர் ஒருவரிடம் செய்து வாங்கினேன். ஃபயர்வாலில் ஒரு புது ஓட்டைகூடப் போடவில்லை. ஏற்கெனவே இருந்த போல்ட்டுகளையே பயன்படுத்தி, ஸ்பேசர் வைத்து நிறுத்தியாயிற்று. நாளைக்கு வேறொருவர் கைக்குப் போனால் கழற்றிவிட்டு 1940களின் வண்டியாகவே காட்டலாம். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். பெயின்ட் அடிக்கச் சொன்னார் டிங்கர், வண்டி நிறத்துக்குப் பொருந்தட்டும் என்று. ஆலிவ் பச்சை அடித்தால் பளபளப்பு போய் ஷீல்டும் சூட்டை விழுங்க ஆரம்பிக்கும். வேண்டாம் என்றேன். அவருக்கு வருத்தம்தான்.

சூட்டை அளக்க இன்ஃப்ராரெட் துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. துருப்பிடித்த மேனிஃபோல்டில் அது ஏறக்குறைய சரியாகச் சொல்லும். பளபளக்கும் அலுமினியத்தில் பொய் சொல்லும், மிகக் குறைவாகக் காட்டும். ஷீல்டு வைத்ததும் 'ஐயோ, எவ்வளவு குளிர்ந்துவிட்டது' என்று மகிழ்ந்துபோக வேண்டாம். ஒரு ஓரத்தில் சூடு தாங்கும் கறுப்பு பெயின்ட்டை ஒரு ரூபாய் அளவுக்குத் தடவி, அங்கே அளந்து பாருங்கள்.

குழாய்க்குத் துணி சுற்றுவது பற்றி: பந்தய வண்டியில் சுற்றட்டும். மழையில் நிற்கிற, ஆற்றில் இறங்குகிற, இன்ஜின் ஆயில் சொட்டுகிற ஜீப்பில் எனக்கு அதில் உடன்பாடில்லை. துணி தண்ணீரைக் குடித்துப் பிடித்துக்கொள்ளும். உள்ளே சாதாரண இரும்புக் குழாய் ரகசியமாக அரிக்கும். ஆயில் ஊறினால் தீப்பிடிக்கும். எண்பது வருஷ வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைச் சுற்றினால் சூடு வெளியேற வழியில்லாமல் விரிசல் விடலாம். அப்படி விட்டால் பதிலுக்கு வார்ப்பு தேடி அலைய வேண்டியதுதான்.

நம் ஜீப்பைப் பற்றி இவ்வளவு புலம்பினாலும், ராணுவ வண்டிகளில் இது சொர்க்கம் என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்டூட்பேக்கர் கம்பெனி செய்த எம்29 வீசல் என்ற பனி வண்டியில் இன்ஜின் ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். யுனிவர்சல் கேரியரில் ஃபோர்டு வி8 இன்ஜின் வண்டியின் நடுவில். சிப்பாய்கள் அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். எழுபதுகளில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகக் கட்டிய லேண்ட் ரோவர் 101-இல் 3.5 லிட்டர் வி8 இன்ஜின் இரண்டு சீட்டுகளுக்கும் நடுவில், ஒரு பெட்டிக்குள். அந்த வண்டிக்காரர்களும் முதலில் பார்க்க வேண்டியது அந்த இன்ஜின் பெட்டியின் விளிம்பு ரப்பரைத்தான்.

இனி வண்டியின் பின்பக்கம். இதை யாரும் சூட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓடுகிற வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்த ஒரு இடம் உருவாகும். இரண்டு பக்க மறைப்பையும் மூடிவிட்டு, காற்று வரட்டுமே என்று பின் திரையை மட்டும் சுருட்டிவிட்டால் வெளியே விட்ட புகை அந்த வழியாகச் சுழன்று உள்ளே வரும். முன்னால் எவ்வளவு அடைத்தாலும் பயனில்லை. மூடினால் பின்னால் முழுசாக மூடுங்கள். முன்னால் விண்ட்ஷீல்டின் கண்ணாடிச் சட்டத்தைக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் தள்ளித் திறந்து வையுங்கள். காற்று முன்னாலிருந்து உள்ளே வந்து, இடுக்குகள் வழியாக வெளியே போகட்டும். மழைச்சாரல் முகத்தில் அடிக்கும், பரவாயில்லை.

புகை வாய் வண்டியின் உடம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். என் வண்டியில் யாரோ குட்டையாக வெட்டியிருந்தார்கள். பாதிப் புகை தரைக்கு அடியிலேயே தங்கியது. சைலன்சர் கடையில் கொடுத்து, பழைய அளவுக்கு ஒரு துண்டு சேர்த்து வெல்டு செய்தாயிற்று. கூடவே பேட்டரியில் ஓடும் ஒரு கார்பன் மோனாக்சைடு மீட்டரை டேஷ்போர்டில் மாட்டியிருக்கிறேன். வாங்கும்போது எண் காட்டுகிற மாதிரியை வாங்குங்கள். வீட்டு அலாரங்கள் பத்து லட்சத்தில் 70 பங்கு இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாய் திறக்காமல் இருக்கலாம்; அவற்றை அப்படித்தான் செய்கிறார்கள். அமெரிக்காவில் தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேரச் சராசரி வரம்பே 50 தான்.

இவ்வளவுக்கும் பிறகு தரைக்கு என்ன போட்டேன் என்றால், தடித்த ரப்பர் மேட். ஒட்டவில்லை. அடியில் வரிவரியாக மேடு இருப்பதால் காற்று புகும், மழையில் நனைந்தால் தூக்கிக் காயப்போடலாம், துரு வந்தால் கண்ணில் படும். மலைக்குப் போகும் நாளில் செருப்புக்குப் பதில் ஷூ.

தீராத ஒன்று இன்னும் இருக்கிறது. ஏற்றம் ஏறி முடித்து வண்டியை நிறுத்தியவுடன் ஃபேனும் நின்றுவிடும்; மேனிஃபோல்டிலுள்ள சூடு போக இடமில்லாமல் சுற்றியிருப்பவற்றைக் காய்ச்சும். பெட்ரோல் பம்பும் கார்புரேட்டரும் எம்பியில் அதே இடப்பக்கம். பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகி, அரை மணி நேரத்துக்கு வண்டி ஸ்டார்ட் ஆகாது. அமெரிக்க ஜீப்காரர்களிடம் இதற்கு ஒரு நாட்டு வைத்தியம் உண்டு, குழாயில் மரத் துணிக்கிளிப்புகளை வரிசையாக மாட்டுவது. நானும் மாட்டிப் பார்த்தேன்.

அண்ணன் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "துணி எங்கீங்க தம்பி?" என்றார்.

கிளிப்பைவிட உருப்படியானது, நிறுத்துவதற்கு முன் ஓரிரு நிமிஷம் ஐடிலில் ஓடவிட்டு, நிறுத்தியதும் பானட்டைத் திறந்து வைப்பது. பம்புக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஒரு சின்ன அலுமினியத் தகடும் வைத்திருக்கிறேன். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸையும் பம்பின் டயஃப்ரத்தையும் ஊறவைத்து அரித்துவிடும், அதுவும் மேனிஃபோல்டுக்கு ஒரு சாண் தூரத்தில். எத்தனால் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்கி மாற்றிவிடுங்கள், ஹோஸ் கிளிப்பும் புதிதாகப் போடுங்கள். பம்பின் டயஃப்ரம் கிட் வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பட்டறையில் அந்த வேலை.